துருத்தித் தோல்

இரும்பைத் தொடலாம், அதை உருக்கக் காற்றூதிய தோலைத் தொட்டவனைத் தொடக்கூடாது. இது என்ன நியாயம்?

நான் ராசிபுரம் பக்கத்துக்காரன், அருந்ததியன். அப்பாரு தோல் பதமிட்டவர். ஆவாரம்பட்டை ஊறிய தொட்டி நாத்தத்துல உட்கார்ந்துதான் பாடம் படித்தேன். பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் உலோக ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். எடுத்துக்கொண்டது பழைய சேலத்து உருக்கு. வெள்ளைக்காரன் அதை ஊட்ஸ் என்றான். 1819இல் ஃபாரடே லண்டனில் அதைப் பகுத்துப் பார்த்தார். ஊட்ஸில் அடித்ததாகச் சொல்லப்படும் டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஹீத் துரை, 1839இல் செய்முறையை எழுதியிருக்கிறார். மண் குகையில் இரும்புத் துண்டு, கூடவே காய்ந்த ஆவாரங்கட்டை, மேலே எருக்கிலை, களிமண் மூடி. இருபது இருபத்துநாலு குகைகளை உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊத வேண்டும். துருத்தி ஆட்டுத்தோல். படித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. கட்டை உலைக்கு, பட்டை எங்க தொட்டிக்கு. ஒரே செடி. அந்தத் தோலை எந்தத் தெரு பதமிட்டிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகு செய்ய ஹீத் காப்புரிமை வாங்கினார். (அதற்காக அவர் கோர்ட்டுப் படியேறி நொந்தது தனிக் கதை.) ஊதினவனுக்குப் பேரே இல்லை.

சரி, இது வெள்ளைக்காரன் செய்தது. நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்தக் கூலிக்கு ஒரு பெரியவர் இருந்தார். எமரித்தாளில் எஃகுத் துண்டைக் கண்ணாடியாகத் தேய்ப்பார். நைட்டால் திராவகம் தடவி, பளபளப்பு மங்குகிற அந்த நொடியில் கழுவிவிடுவார். ஒரு நொடி பிந்தினாலும் மைக்ராஸ்கோப்பில் எல்லாம் கருகித் தெரியும். எனக்கு அது கடைசிவரை கைவரவில்லை. அப்பாரு தோலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பதம் பார்ப்பது அப்படியே அவர் கையில் இருந்தது.

ஒருநாள் மெதுவாகக் கேட்டார், "ஏனுங் தம்பி, ஊட்டுல தெலுங்குங்களா?"

நம்ம சனமா என்பதுதான் கேள்வி. பக்கத்தில் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"இல்லீங்க" என்றேன்.

கடினத்தன்மை அளவில் ஒரு எண்ணை மாற்றியிருந்தால் அது ஆராய்ச்சி மோசடி, பட்டம் போயிருக்கும். நான் ஒரு எண்ணையும் மாற்றவில்லை. ஆனால் நன்றியுரையில் வழிகாட்டி, துறைத்தலைவர், உதவித்தொகை தந்தவர்கள், காபி வாங்கித் தந்த சிநேகிதன் வரை எழுதினேன். பெரியவர் பேரை விட்டுவிட்டேன். பேர் போட்டால் உறவு தெரிந்துவிடுமோ என்ற பயம். அந்த ஆய்வேட்டில் பொய் இல்லை என்று எந்தத் தேர்வாளரும் சொல்வார். நான் சொல்ல முடியாது.

கட்டி வந்த பிரதியை அவரிடம் காட்டினேன். கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் தள்ளிவிட்டுப் படங்களுக்குப் போனார். "இது நா தேச்சதுங்க. இதுவுந்தான். இது நீங்க, பாருங்க, கோடு உழுந்து கெடக்குது."

இப்போது அதே வேலையிலிருந்து ஒரு கட்டுரை அனுப்ப இருக்கிறோம். ஆசிரியர் வரிசையில் மூன்றாவதாக அவர் பேரைப் போட்டேன். வழிகாட்டி அடித்துவிட்டு, "நன்றின்னு கீழ ஒரு வரி போதும்ப்பா, கைவேலை ஆராய்ச்சி ஆகாது" என்றார். எல்லா ஆசிரியர்களும் கையெழுத்திட்டால்தான் கட்டுரை போகும். தாள் என் மேசையில் கிடக்கிறது. நான் இன்னும் போடவில்லை.