குற்றவாளியைத் தேடாத விசாரணை

ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால், ‘அவள் ஏன் அங்கே போனாள்?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். போதைப்பொருளால் இறந்தவரைப் பற்றியும் அதே கேள்விதான்: ‘அதை ஏன் எடுத்துக்கொண்டார்?’

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மரண விசாரணை அதிகாரி இப்படிக் கேட்பதில்லை. யார்மீது குற்றம் என்று தீர்ப்பளிக்கச் சட்டம் அவரை அனுமதிப்பதில்லை. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்று கண்டறிகிறார். இனி நேராமல் தடுக்கப் பரிந்துரைக்கிறார்.

ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளால் சாவுகள் பெருகவே, 2016 ஏப்ரலில் அம்மாகாணம் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. மரணக் கோப்புகளைச் சேர்த்துப் படித்தபோது, பெரும்பாலோர் வீடுகளுக்குள், தனியாக எடுத்துக்கொண்டு இறந்தது தெரிந்தது. நலாக்சோன் என்ற முறிமருந்து நின்றுபோகும் மூச்சை மீட்கும். ஆனால் அதைக் கொடுக்க அருகில் இன்னொருவர் வேண்டும். அவமானத்துக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொள்பவருக்கு அந்த இன்னொருவர் இல்லை.

இறந்தவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். அந்தக் கணக்கோடு நின்றிருந்தால் பூர்வகுடிப் பெண்கள் நம் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். அவர்களைத் தனியே எண்ணிய 2017ஆம் ஆண்டு அறிக்கை, மற்றப் பெண்களைவிட ஐந்து மடங்கு அதிகமாக அவர்கள் இறப்பதைக் காட்டியது. உதவி கேட்டால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று அஞ்சும் தாய் எந்தக் கதவைத் தட்டுவாள்?

நமக்குப் பாடமாக இருக்க இறந்தவள் சம்மதிக்கவில்லை. அவள் சாவிலிருந்து கற்றுக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டென்றால், கற்றதைச் செய்யும் கடனும் உண்டு. செய்யாவிட்டால், அவள் கோப்பு வெறும் காகிதம்.