பத்து சதவீதம்

இரும்புலியூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பின்னாலிருந்து வந்த கார் எங்கள் பைக்கை இடித்தது. ஓட்டியவன் சித்தப்பா மகன். நடுவில் அவன் நண்பன். மூன்றாவது நான். எங்கள் இருவருக்கும் சிராய்ப்பு. பைக்குக்கு அடியில் சிக்கிய தம்பிக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது.

இழப்பீட்டு வழக்கில் இன்சூரன்ஸ் தரப்பு, "மூணு பேர் போனாங்க, அவங்க மேலயும் தப்பிருக்கு, பத்து சதவீதம் கழிக்கணும்" என்றது. சித்தப்பா பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "பின்னாடி வந்து இடிச்சதுக்கு எம்புள்ள எப்படிடா பொறுப்பு?" என்றார்.

2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. மூவர் போன பைக்கைக் கார் பின்னால் இடித்து 23 வயது இளைஞர் இறந்த வழக்கு. உயர்நீதிமன்றம் கழித்த பத்து சதவீதத்தை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. மூவர் போவது சட்டமீறல்தான். ஆனால் விபத்துக்கோ பாதிப்புக்கோ அது காரணமானது என்று நிரூபிக்காமல் அடிபட்டவர் மேல் பங்கு போட முடியாது.

நியாயம்தான். ஹெல்மெட் போடாதவருக்குக் கால் உடைந்தால் ஹெல்மெட்டுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அடிபட்டவனிடம் ஒரு தப்பைக் கண்டுபிடித்ததும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது: நாம் அப்படிப் போகமாட்டோம், நமக்கு நடக்காது.

தீர்ப்பைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "அப்ப உன் மேலயும் தப்பில்லடா" என்றார்.

சட்டப்படி சரி. ஆனால் தாம்பரத்தில், "பெருங்களத்தூர் வரைக்கும்தானே, நானும் ஏறிக்கிறேன்" என்று சொன்னது நான். நான் ஏறாமலிருந்தாலும் அந்தக் கார் இடித்திருக்கலாம். இடிக்காமலும் போயிருக்கலாம். நீதிமன்றத்துக்கு நிரூபணம் வேண்டும். எனக்கு இந்தச் சந்தேகமே போதுமானதாக இருக்கிறது.