எழுதிக் கொடுத்த ஆறுதல்

2019இல் ஸாக்ட்ரானிக்ஸ் வெளியிட்ட ‘எலைசா’ சில மணி நேரத்தில் முடிந்துவிடும் விஷுவல் நாவல். எழுதியவர் மாத்யூ செய்ஜி பர்ன்ஸ். கதை நடப்பது சியாட்டிலில். மனம் சோர்ந்து வருபவர்களுக்கு ஆலோசனை சொல்வது எலைசா என்ற செயற்கை நுண்ணறிவு. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு மனிதர். எலைசா காட்டும் வாக்கியத்தை அப்படியே வாசிப்பதுதான் அவர் வேலை. அந்த நிரலை உருவாக்கியவர்களில் ஒருத்தியான ஈவ்லின், மூன்று வருடம் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கியிருந்துவிட்டு, இந்த வாசிக்கும் வேலைக்கு வருகிறாள்.

ஆடியவர்களின் பெரிய புகார், தேர்வே இல்லை என்பது. ஆலோசனை அமர்வுகளில் திரையில் வருவது ஒரே ஒரு வாக்கியம். அதை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். “இதுக்குப் பேரு கேமா?” என்று கேட்கிறார்கள். ஈவ்லினின் கையறுநிலையை நாமும் உணர வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது மறுதரப்பு. நானும் ரொம்ப நாள் மறுதரப்பில்தான் இருந்தேன். இப்போது அந்தப் பதில் போதவில்லை.

பெயரின் மூலம் பழையது. 1966இல் எம்ஐடியின் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா, நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கும் எளிய நிரல். அது வெறும் நிரல் என்று தெரிந்த அவருடைய செயலாளரே, அதனுடன் பேசும்போது அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். அப்படியென்றால் ஆறுதல் கிடைக்க, சொல்பவருக்கு மனம் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சரி, வாசிப்பவருக்கு என்ன ஆகிறது?

கடன் வாங்கிய வார்த்தை என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. துக்க வீட்டில் “என்ன பண்றது, நம்ம கையில என்ன இருக்கு” என்கிறோம். யாரும் அதைப் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளலாம். நிறுத்த முடியும் என்பதுதான் அந்த வார்த்தைகளை நம்முடையதாக்குகிறது.

ஒருமுறை என் அணியில் ஒருவரை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. நிறுவனத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். இதைத் தாண்டி எதுவும் பேசாதீங்க என்றார்கள். நான் வாசித்தேன். அவர் நடுவில், “உங்களுக்கு இது சரின்னு தோணுதா?” என்று கேட்டார். நான் அடுத்த வரிக்குப் போனேன்.

எலைசாவின் பிற்பகுதியில், எழுதியதை விட்டு விலகிப் பேசும் வாய்ப்பு வருகிறது. அவ்வளவு நேரம் அதற்காகக் காத்திருந்த எனக்குக் கை நகரவில்லை. என் சொந்த வார்த்தை அவரை இன்னும் காயப்படுத்திவிட்டால்? நிரல் சொல்லித் தவறானால் அது நிரலின் தவறு. நான் சொல்லித் தவறானால் அது என் தவறு. பயந்துகொண்டு நிரலின் வாக்கியத்தையே அழுத்தினேன்.

அந்தத் தாள் அன்று யாரைப் பாதுகாத்தது என்று அப்போதுதான் உறைத்தது. தேர்வே இல்லை என்று புகார் சொல்பவர்கள் தேர்வை விரும்புகிறார்கள். எனக்கு அந்த அறையில் தேர்வு இருந்தது. இல்லை என்று சொல்லிக்கொள்ள ஒரு தாள் கிடைத்ததில் நிம்மதி அடைந்தவன் நான்.

அவர் கேட்டதற்குப் பதில் ‘இல்லை’ என்பதுதான். அவருடைய நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது.