வீட்டுக்குள் திறக்கும் வாசல்



எவ்வளவு எளிய வீடானாலும் வாசற்படி ஒன்று உண்டு. கதவு தட்டப்பட்டால் "யாரது?" என்று கேட்ட பிறகே திறக்கிறோம். முன்பின் தெரியாதவரைத் திண்ணையோடு பேசி அனுப்பிவிடுகிறோம். பெரியவர்கள் இல்லாத வேளையில் எவரையும் உள்ளே விடலாகாது என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லி வைக்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ வகுப்பைத் திறக்கும்போது, அதே வீட்டுக்குள் இன்னொரு வாசல் திறக்கிறதே! அந்த வாசலில் நிற்பது யார் என்று கேட்கிறோமா? அதற்குக் காவல் யார்?

கொரோனா நோயினால் 2020 மார்ச் மாதம் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ந் தேதிதான் மறுபடியும் பள்ளிப் படி ஏறினார்கள். அந்தக் காலம் போயிற்று. ஆனால் திரை வழியாகப் படிக்கும் வழக்கம் போகவில்லை. 2024 நவம்பரில் தில்லியில் காற்று கெட்டுப்போனபோது அங்குள்ள பிள்ளைகள் திரும்பவும் வீட்டிலிருந்தே படித்தார்கள். நம்மிடையிலும் டியூஷன் என்றும், நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்றும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. ஆதலால் இது கழிந்துபோன விஷயமன்று.

தூரத்தில் நடப்பதை வீட்டிலிருந்து காண்பது தன்னிலே தீமையல்ல. அசிசி நகர் அர்ச். கிளாரம்மாள் நோயுற்றுக் கிடந்த ஒரு கிறிஸ்மஸ் இரவில், கோவிலில் நடந்த வழிபாட்டைத் தன் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தாள் என்று சொல்லப்படுகிறது. அதை முன்னிட்டே 12-ம் பத்திநாதர் பாப்பரசர் 1958-ம் ஆண்டில் அவளைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலியாக ஏற்படுத்தினார். உடல் அறையில் இருந்தது. உள்ளமோ கோவிலில் இருந்தது. அவ்வாறே வீடியோ வகுப்பில் அமர்ந்த பிள்ளை வீட்டிலிருந்தாலும் வகுப்பறையில் இருக்கிறது. வகுப்பறையும் வீட்டுக்குள் வந்திருக்கிறது. முதலாவதை நினைத்தால் மரியாதை தானே வரும். இரண்டாவதை நினைத்தால் ஜாக்கிரதை தானே வரும்.

முதலில் மரியாதையைப் பற்றிச் சொல்லுவோம்.

பிள்ளைகளே, வகுப்புக்கு ஐந்து நிமிஷம் முன்னதாக முகம் கழுவி, தலை வாரி, பள்ளிக்குப் போவது போல் முழு உடை உடுத்தி உட்காருங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு பாடம் கேட்பது பாடத்துக்கும் மரியாதையல்ல, உங்களுக்கும் அழகல்ல. உங்கள் சொந்தப் பெயரிலேயே வகுப்புக்குள் வாருங்கள். ஆசிரியர் கேட்டாலன்றி மைக்கைத் திறவாதீர்கள். திறந்து வைத்தால் உங்கள் வீட்டுக் குக்கர் சத்தமும், தெருவில் மீன்காரர் கூவும் சத்தமும் நாற்பது வீடுகளுக்குப் போய்ச் சேரும். ஆசிரியரின் முகத்தைப் படம் பிடித்து, கேலி வார்த்தை சேர்த்து, வாட்ஸப்பில் சுற்றவிடுவது விளையாட்டென்று எண்ணவேண்டாம். பிறர் பேரைக் கெடுப்பது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பாவம். அதை விரலால் செய்தாலும் பாவமே.

பெற்றோரே, நீங்களும் அந்த வகுப்பறையின் பக்கத்திலேயே நடமாடுகிறீர்கள் என்பதை மறவாதீர்கள். அரைகுறை உடையோடு காமிராவின் குறுக்கே போகாதீர்கள். சண்டையைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். கேள்விக்குப் பதிலைப் பின்னாலிருந்து மெதுவாகச் சொல்லிக் கொடுப்பது உதவியல்ல. பிள்ளைக்குப் பொய் பழக்குவதாகும். ஆசிரியரிடம் குறை சொல்லவேண்டுமானால், வகுப்பு முடிந்த பிறகு சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிள்ளையின் காமிரா மூடியிருந்தால் உடனே அதைக் குறும்பென்று தீர்மானிக்கவேண்டாம். ஒற்றை அறை வீட்டில் அதன் பின்னால் நோயாளியான பாட்டி படுத்திருக்கலாம். சுவர் இடிந்திருக்கலாம். டேட்டா தீர்ந்துபோகும் என்ற பயம் இருக்கலாம். ஒரே போனை அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக்கொள்ளும் வீடுகள் நம் பங்கிலும் இல்லாமலில்லை. எல்லார் முன்னிலையிலும் "ஏன் முகத்தைக் காட்டவில்லை?" என்று கேட்டு ஒரு ஏழைப் பிள்ளையை வெட்கப்படுத்துவதைவிட, பிறகு பெற்றோர் வழியாகத் தனியே விசாரிப்பது விவேகமும் சிநேகமுமாகும். பிள்ளைகளே, பிறர் வீட்டு ஏழ்மை உங்கள் திரையில் தெரிந்தால், அதைக் கண்டும் காணாதவர்போல் இருங்கள்.

நேரத்துக்கும் அளவு உண்டு. மத்திய அரசு 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யாதா' என்ற வழிகாட்டியில், 8-ம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிஷ வகுப்புகள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்றும், 9 முதல் 12 வரை நான்குக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. காலைப் பள்ளி முடிந்து மாலையில் மூன்று மணி நேரம் திரை டியூஷனில் பிள்ளையைக் கட்டிப்போடும் பெற்றோர் இந்தக் கணக்கைச் சற்று யோசிக்கட்டும்.

இரண்டாவதாகப் பாதுகாப்பைக் கவனிப்போம்.

சிங்கப்பூரில் 2020 ஏப்ரலில் பிள்ளைகள் வீட்டிலிருந்து படிக்கத் தொடங்கிய முதல் நாட்களிலேயே, ஒரு பூகோள வகுப்புக்குள் அந்நியர் நுழைந்து மாணவிகளுக்கு ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். அந்நாட்டுக் கல்வி அமைச்சு, ஆசிரியர்கள் ஜூம் செயலியை உபயோகிப்பதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அம்மாதத்தில்தான் ஜூம் நிறுவனமும் கடவுச்சொல்லையும் காத்திருப்பு அறையையும் வழக்கமான ஏற்பாடாக்கியது. நம் மத்திய உள்துறை அமைச்சகமும் அதே ஏப்ரலில் எச்சரிக்கை விடுத்தது.

இத்தகையோர் பெரும்பாலும் பூட்டை உடைத்து வருவதில்லை. யாரோ சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். வகுப்பின் இணைப்பும் கடவுச்சொல்லுமே அந்தச் சாவி. அதைப் பொதுக் குழுக்களில் போடுவதும், "சும்மா வேடிக்கைக்கு" வெளி நண்பனுக்கு அனுப்புவதும், வீட்டுச் சாவியைத் தெருவில் எறிவதற்குச் சமானம். வகுப்பு நடத்துகிறவர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தே ஒவ்வொருவரையும் காத்திருப்பு அறையிலிருந்து உள்ளே அனுமதிக்கட்டும். எல்லாரும் வந்தபின் வகுப்பைப் பூட்டட்டும். திரையில் படம் காட்டும் அதிகாரத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகளே, தகாத படமோ பேச்சோ திரையில் வந்தால் பார்த்துக்கொண்டிராதேயுங்கள். உடனே மூடிவிட்டு, பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். வந்தவன் காட்டிய பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். படத்தைப் பிறருக்கு அனுப்பாதேயுங்கள். அது இன்னொரு பிள்ளைக்குத் துர்மாதிரிகை. சிறு பிள்ளைகளை ஆபாசமாகக் காட்டும் படமானால், அனுப்புவதே சட்டப்படி குற்றம். வகுப்பு முடிந்ததும் வெளியேறிவிட்டோமா, காமிரா அணைந்ததா என்று பார்த்த பிறகே எழுந்திருங்கள்.

மூன்றாவதாக, சொல்லக் கசப்பான ஒன்று.

ஆபத்து அந்நியனிடமிருந்து மட்டும் வருவதில்லை, அறிமுகமானவரிடமிருந்தும் வரும். 2021 மே மாதத்தில் சென்னைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் வீடியோ வகுப்பில் முறையற்ற உடையில் தோன்றினார் என்றும், மாணவிகளிடம் தகாத முறையில் நடந்தார் என்றும் புகார் எழுந்தது. அவர் போக்சோ சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டார். தீர்ப்பு நீதிமன்றத்துக்குரியது. ஆனால் அப்போது பழைய மாணவிகள் பலரும் வாய் திறந்தார்கள் என்பதை நாம் சிந்திக்கவேண்டும். இத்தனை காலம் அவர்கள் ஏன் பேசவில்லை? கேட்கும் காது இல்லை என்று பயந்திருப்பார்கள் அன்றோ? அம்மாதமே தமிழக முதலமைச்சர், வீடியோ வகுப்புகள் முழுவதும் பதிவு செய்யப்படவேண்டும் என்றும், பள்ளி நிர்வாகத்தாரும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரும் சேர்ந்த குழு அவற்றை அவ்வப்போது பார்வையிடவேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

குருவை வணங்கு என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம், சரியே. ஆனால் வணக்கம் வேறு, குருட்டு நம்பிக்கை வேறு. பள்ளி ஆசிரியரானாலும், டியூஷன் ஆசிரியரானாலும், ஞானோபதேசம் கற்பிப்பவரானாலும், பங்குக் குருவானவரேயானாலும் இந்த ஒழுங்குக்கு விலக்கில்லை. பெரியவர் ஒருவர் பிள்ளைக்கு மட்டும் இரவில் தனிச் செய்தி அனுப்பினால், வகுப்புக்குப் பின் "நீ மட்டும் இரு" என்று அடிக்கடி நிறுத்தினால், எல்லாவற்றுக்கும் மேலாக "அம்மாவிடம் சொல்லாதே" என்று சொன்னால், அது எச்சரிக்கை மணி. நல்ல ஆசிரியர் எவருக்கும் பெற்றோரிடமிருந்து மறைக்க ஒன்றுமிராது.

ஆதலால் பெற்றோரே, வகுப்பு நடக்கும் இடம் கூடமாயிருக்கட்டும். தனி அறையானால் கதவு திறந்திருக்கட்டும். ஒவ்வொரு வார்த்தையையும் ஒட்டுக்கேட்கவேண்டியதில்லை. தாயின் நடமாட்டம் கேட்கும் தூரத்தில் பிள்ளை இருந்தாலே பாதிக் காவல். மீதிக் காவல் உங்கள் செவியில் இருக்கிறது. பிள்ளை நடுக்கத்தோடு ஒன்றைச் சொல்ல வரும்போது, "நீ என்ன செய்தாய்?" என்று தொடங்காதீர்கள். போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். போன் போய்விடுமே என்ற பயத்திலேயே எத்தனையோ பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். "நல்லவேளை என்னிடம் சொன்னாய், தப்பு உன்னுடையதல்ல" என்று முதலில் சொல்லுங்கள். பிறகு குடும்ப மானம், பள்ளியின் பேர், ஊர்ப் பேச்சு என்று எதையும் முன்னிட்டு மறைக்காதீர்கள். 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் தெரிவிப்பது கடமை, மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையம் ஆகிய இவற்றைச் சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள். பிள்ளைக்கும் மனப்பாடமாகட்டும்.

சிறுவர்களுக்கு இடறலாயிருப்பவனைக் குறித்து, கழுத்தில் எந்திரக்கல் கட்டிக் கடலில் தள்ளப்படுவதே அவனுக்கு நலம் என்னும்படி சேசுநாதர் பேசியிருக்கிறார். அத்தனை சாந்தமானவர் அத்தனை கடுமையாய்ப் பேசினாரென்றால், பிள்ளைகள் அவருக்கு எவ்வளவு அருமையானவர்கள்!

நம் வீடுகளுக்குக் காவலரான அர்ச். சூசையப்பரைப் பாருங்கள். குழந்தைக்கு ஆபத்து என்று சம்மனசு அறிவித்தபோது, விடியட்டும் என்று அவர் திரும்பிப் படுக்கவில்லை. ஊரார் என்ன சொல்வார்களோ என்று தயங்கவில்லை. அந்த இரவிலேயே எழுந்தார். பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். உங்கள் பிள்ளை ஓரிரவு உங்களை எழுப்பி, "அப்பா, ஒன்று சொல்லவேண்டும்" என்று சொன்னால், நீங்களும் அப்படியே எழுந்திருங்கள். அதற்கு வேண்டிய வரப்பிரசாதத்தைச் சர்வேசுரன் நம்மெல்லாருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.