சுண்ணாம்பு பூசிய கலயம்

பனையேறி வளர்ந்த குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே பனை, ஒரே பாளை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசிக் கட்டினால் இறங்குவது பதனீர். பிள்ளைக்கும் கொடுக்கலாம், காய்ச்சினால் கருப்பட்டி. பூசாமல் கட்டினால் அதே நீர் புளித்துக் கள்ளாகிவிடும். நேற்றுப் பூசியது இன்றைக்கு உதவாது. கலயத்தைக் கழுவி மறுபடியும் பூச வேண்டும். குடியை விட்ட தகப்பனும் தாயும் தங்கள் பிள்ளையிடம் திரும்பி வருகிற வழியும் இப்படித்தான் இருக்கிறது.

கொல்லிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் செம்மேடு. மிளகும் காப்பியும் பலாவும் மலைவாழையும் விளைகிற பூமி. பழங்குடி மக்களின் பிள்ளைகளுக்காக அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகள் அங்கே உண்டு. படிப்புக்காகவே வந்து தங்கும் பிள்ளைகளுக்கு நடுவே, அப்பன் குடியால் வீட்டில் இருக்க முடியாமல் வந்து சேர்ந்த பிள்ளையும் இருக்கும். சனிக்கிழமை மற்றப் பிள்ளைகள் வாசலைப் பார்த்து நிற்கும்போது அது மட்டும் பார்க்காது.

இந்த மலைக்கு மதுவிலக்கு புதிதல்ல. நாமக்கல் பகுதி முழுவதும் சேலம் மாவட்டத்தோடு இருந்த காலத்தில், 1937 அக்டோபர் 1 அன்று, இராஜாஜி சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்து, மதுவை எதிர்த்து ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். பிறகு 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 2003இல் சில்லறை விற்பனையையே அரசு கையில் எடுத்தது. அந்த வழக்கு பெரியது, இருக்கட்டும். சட்டத்தால் கடையை மூட முடியும், திறக்கவும் முடியும். கடையை விட்டு வெளியே வந்த தகப்பனைப் பிள்ளையிடம் கொண்டுசேர்க்கிற வேலை அக்கம்பக்கத்து மனிதர்களுடையது.

அய்யா வைகுண்டர் துவையல் தவசுக்கு மக்களை அனுப்பியதை நினைத்துப் பாருங்கள். வாகைப்பதியிலும் பின்பு முட்டப்பதியிலும் துவைத்துக் குளித்து, ஒருவேளை உணவு உண்டு, தவம் இருந்தவர்கள் 700 குடும்பத்தார். பெண்டு பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் திருந்தப் போகவில்லை. குடும்பத்தோடு போனார்கள். தினமும் துவைத்தார்கள்.

இந்தக் காலத்திலும் அதை உணர்ந்தவர் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் குடிக்குக் கணவரைப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தோடு அவர் ஒடுங்கிவிடவில்லை. 1980இல் குடிநோயாளிகளுக்கென்று சிகிச்சை நிலையம் தொடங்கினார். குடித்தவரோடு அவருடைய குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவது அங்கே மருத்துவத்தின் ஒரு பகுதி. குடி ஒருவர் வயிற்றில் இறங்கினாலும் நோய் வீடு முழுவதற்கும் என்பதை அவர் பட்டு அறிந்திருந்தார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். திருநாமம் இட்ட அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று மேடையில் பேசுவது எளிது. பல வருடம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்தும் ஆகலாம். அவரைத் தாங்கலில் படுக்கவைத்துக் காவல் இருப்பது தருமம் ஆகாது. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதே தருமம். 14446 என்ற எண்ணில் கட்டணமில்லாமல் யோசனை கேட்கலாம்.

இன்னொன்று, பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிற வழக்கம். இதை விட்டுவிட வேண்டும். சத்தியம் மீறினால் தலைக்கு ஆகாது என்பதைப் பிள்ளை நம்புகிறது. அப்பன் மறுபடி குடித்து வந்த ராத்திரியில், தனக்கு என்ன ஆகுமோ என்று பயந்து அது படுத்திருக்கும். பெரியவர்களின் வாக்குக்குக் குழந்தையின் தலை ஈடா? திருந்துகிறவர் தடுக்கி விழுவதும் உண்டு, அதுவும் அந்த நோயின் இயல்புதான். விழுந்தால் எழுப்பிவிடலாம். அந்தப் பாரத்தைப் பிள்ளைமேல் ஏற்றக்கூடாது.

தாயே குடிக்கு ஆட்பட்ட வீடும் உண்டு. அவள் திரும்பி வரும்போது ஊர் இரண்டு மடங்கு ஏசுகிறது. பிள்ளை காது கேட்க ஏசுகிறவர்கள், அந்தப் பிள்ளையின் தாயைத்தான் அதனிடமிருந்து மறுபடி பறிக்கிறார்கள்.

குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவால் காப்பகத்தில் இருக்கும் பிள்ளையானால், வீட்டு நிலையை விசாரித்து அந்தக் குழுவே திருப்பி அனுப்ப முடியும். 2015ஆம் ஆண்டின் சட்டம் காப்பகத்தைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது. மனு எழுதத் தெரியாத தகப்பனுக்கு எழுதிக்கொடுப்பது, விசாரணை நாளில் கூடப் போவது, இவையெல்லாம் பதியில் செய்கிற பணிவிடைக்குக் குறைந்தவை அல்ல.

ஆனால் சட்டம் பிள்ளையை வீட்டுக்குத்தான் அனுப்பும். மனதைப் பிள்ளைதான் அனுப்ப வேண்டும். அதற்கு அவசரப்படுத்தக் கூடாது. “அப்பா வந்திருக்காரு, போய்க் கட்டிக்கோ” என்று முதுகில் கைவைத்துத் தள்ளுகிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். இருந்தாலும் செய்ய வேண்டாம்.

ஒரு தகப்பனை உவமையாக வைத்துக்கொள்ளுங்கள். குடியை விட்டு நான்கு மாதம். சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு மூட்டை சுமக்கிறார். சனிக்கிழமை வருகிறேன் என்று விடுதியில் மகளிடம் சொல்லிப் போகிறார். சொன்னபடி அந்தச் சனிக்கிழமை வந்து நிற்கிறார். மகள் தூரத்திலேயே நிற்கிறாள். அடுத்த வாரமும் வருகிறார். அவள் பக்கத்தில் வருகிறாள், கட்டிக்கொள்ள அல்ல, வாயை மோந்து பார்க்க. அவருக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆனாலும் கோபப்படாமல், அவள் எட்டும் அளவுக்குக் குனிந்து கொடுக்கிறார். மழை பெய்து பஸ் வராத ஒரு வாரம் நடந்தே வருகிறார். அன்றைக்கும் மோந்து பார்த்துவிட்டு, அவர் வேட்டியிலிருந்த சேற்றைப் பார்த்து நிற்கிறாள்.

“அப்பா, அடுத்த வாரம் மலைவாழைப்பழம் கொண்டாருவியா?”

அய்யா உண்டு.