வீட்டைப் பார்த்துக்கிறவர்கள்

செங்கல்பட்டில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். டீப்பாய் மேல் முறுக்குத் தட்டு, சுற்றி மொத்தக் குடும்பம். இன்ஜினீயரிங் படிக்கிற மகன் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பட்ஜெட் வாசிக்கிற நிதியமைச்சர் மாதிரி பேசிக்கொண்டிருந்தான். லடாக் போகிறார்களாம்.

“டெல்லி வரைக்கும் ஃப்ளைட் அங்கிள். அங்கேருந்து வண்டி. மணாலி, லே, அப்புறம் நூப்ரா. பனிமலையும் பாலைவனமும் ஒரே போட்டோவுல வரும்!”

பையன் சொன்னது மிகையில்லை. நூப்ரா பள்ளத்தாக்கில் ஹுண்டர் என்ற ஊரில் நிஜமாகவே மணல்மேடுகள் இருக்கின்றன. இரட்டைத் திமில் ஒட்டகங்கள் நடக்கின்றன. பின்னால் பனிமலை. மழை மேகத்தையெல்லாம் இமயமலை அந்தப் பக்கமே தடுத்து நிறுத்திவிடுவதால் வந்த பாலைவனம் அது. லே நகரத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். நம்ம செங்கல்பட்டில் ஒரு புயல் வந்தால், ஒரே நாளில் அதைவிட அதிகமாகக் கொட்டிவிட்டுப் போகும்.

வழியும் முன்பு போல இல்லை. 2020-ல் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, ரோத்தாங் கணவாயில் ஏறி இறங்கும் அவஸ்தை இல்லை. ஆனால், அதைத் தாண்டினால் 17,000 அடிக்கு மேல் கணவாய்கள் உண்டு. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் பாதிதான். இளவட்டங்களுக்கே தலை சுற்றும்.

“அப்ப ஆயா?” என்றாள் நண்பரின் மகள், பள்ளிக்கூடம் போகிறவள்.

ஒரு விநாடி அமைதி. நண்பரின் அம்மா மூலையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயது 74. பிரஷர் மாத்திரை, கொஞ்சம் மூச்சிரைப்பு. தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “எனக்கு எதுக்குடி அதெல்லாம்? நீங்க போய்ட்டு வாங்க. நான் வீட்டைப் பார்த்துக்கறேன்.”

அறையில் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. மறைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. என் முகத்திலும் அது இருந்திருக்கும். அந்த நிம்மதியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும்.

கிளம்பும்போது வாசலில் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “அவ்ளோ உசரத்துல எனக்கு மூச்சு முட்டும்ப்பா. அது தெரியும். லடாக் வேணாம்” என்றார். பிறகு, சாதாரணமாக, பால் விலையைச் சொல்வது மாதிரி சொன்னார்: “இந்தா இருக்கிற மகாபலிபுரத்தையே நான் பார்த்ததில்லை.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் 30 கிலோமீட்டர். ஒரு மணி நேரப் பயணம். இந்த ஊருக்கு மருமகளாக வந்து 50 வருஷம் ஆகிறது.

“எப்படிம்மா?”

“வெளியூர்லேருந்து யாராச்சும் வந்தா எல்லாரும் போவாங்க. வண்டியில எடம் பத்தாது. நான் புளிசாதம் கட்டிக் குடுத்துடுவேன்.”

அவ்வளவுதான். யாரும் அவரைக் கொடுமைப்படுத்தவில்லை. ‘நீ வராதே’ என்று யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவையும் அவரேதான் ‘நான் வரலை’ என்றிருக்கிறார்.

நம் வீடுகளில் இந்த ‘எனக்கு வேணாம்’ என்பது ரொம்பப் பழைய வசனம். மீன் துண்டு எண்ணிக்கை குறைந்தால், அம்மாவுக்கு அன்றைக்கு மீன் பிடிக்காது. தோசை மாவு தீர்ந்துபோனால், அம்மாவுக்குப் பசிக்காது. நாமும் நம்பிவிடுகிறோம். நம்புவதில் லாபம் இருக்கிறதே!

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருத்தர் வேண்டாம் என்றால், அதை மதிப்பதுதானே நாகரிகம்? ‘இல்லை, நீ பொய் சொல்றே’ என்று கையைப் பிடித்து இழுப்பதும் அத்துமீறல்தானே? மகன் என்னிடம் இதைத்தான் கேட்டான். “ஆயாவுக்காக எல்லாருமே லடாக் பார்க்காம இருக்கணுமா அங்கிள்?”

வேண்டாம். நிச்சயம் வேண்டாம். பாட்டியைக் காரணம் காட்டிப் பயணத்தை ரத்து செய்தால், அந்தப் பழியையும் பாட்டிதான் சுமக்க வேண்டியிருக்கும். 20 வயதில் பார்க்க வேண்டிய மலையை 20 வயதில்தான் பார்க்க வேண்டும்.

தப்பு அந்தப் பதிலில் இல்லை. கேள்வி கேட்கப்பட்ட நேரத்தில் இருக்கிறது. ஊர் முடிவாகி, வழி முடிவாகி, டிக்கெட் விலை பார்த்தாகிவிட்ட பிறகு ‘ஆயா வர்றீங்களா?’ என்பது கேள்வியே இல்லை. அது ஒரு சம்பிரதாயம். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ‘சாப்பிடுறீங்களா?’ என்று கேட்பது மாதிரி. அதற்கு ‘வேணாம்’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல முடியாது. மேப்பில் நாம் ஒரு கோடு போடும்போதே, அந்தக் கோட்டுக்கு வெளியே யாரோ ஒருத்தரை நிறுத்திவிடுகிறோம். இது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோட்டுக்கு வெளியே நிற்பவர் சிரித்துக்கொண்டே நிற்பதால்.

பழந்தமிழ் இலக்கணத்தில் ஐந்து திணைகள் உண்டு. மலை, குறிஞ்சி. அதற்குரிய உணர்வு கூடுதல். பாலைக்கு உரியது பிரிதல். இதில் ஒரு நுட்பம் கவனியுங்கள். பாலை என்று தனியாக ஒரு நிலத்தை நம்மவர்கள் சொல்லவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் வறண்டு தம் இயல்பு கெட்டால், அதுதான் பாலை. பாலைவனம் பார்க்க நூப்ரா வரை போக வேண்டியதில்லை. எல்லோரும் கிளம்பிப் போன வீட்டில், ஒருத்தர் மட்டும் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வருகிறாரே, அங்கேயே அது ஆரம்பித்துவிடுகிறது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கிளம்பினோம். இந்தத் தடவை வண்டியில் இடம் பத்தாதபோது, மகனும் நானும் பஸ்ஸில் போனோம். பாறைக்கு முன்னால் அவர்களோடு சேர்ந்துகொண்டோம்.

அர்ஜுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இன்னும் வாதாடுகிறார்களே, அந்தப் பாறை. 7-ம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள், கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு இமயமலையையும் கங்கையையும் செதுக்கிவிட்டார்கள். தேவர்கள், வேடர்கள், நாகர்கள், பெரிய யானைக்கு அடியில் குட்டி யானைகள், தவம் செய்கிற பூனை, அதை நம்பிப் பக்கத்தில் வந்த எலிகள் என்று ஊரே அந்தத் தண்ணீரைப் பார்க்கத் திரண்டிருக்கிறது.

அம்மா பூனையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பக்கத்திலிருக்கும் கிருஷ்ண மண்டபத்துக்கு மெதுவாக நடந்தார். அங்கேதான் ரொம்ப நேரம் நின்றார்.

கிருஷ்ணன் ஒரு கையால் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். கீழே ஆயர்பாடி மொத்தமும் நிற்கிறது. ஒருவன் பால் கறந்துகொண்டிருக்கிறான். பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. ஒருத்தி தலையில் சுமையோடு நிற்கிறாள். மழைக்கு ஒதுங்கிய இடத்திலும் அவரவர் வேலை நடக்கிறது.

அம்மா விரலை நீட்டி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். “ஆடு மாடெல்லாம்கூட வந்திருக்கு பாரேன். வீட்டைப் பார்த்துக்கன்னு யாரையும் விட்டுட்டு வரலை போலிருக்கு.”

குத்தலாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். நண்பர் மட்டும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லடாக் பயணம் ரத்தாகவில்லை. அம்மாவே ஸ்வெட்டர்களை வெயிலில் காய வைத்திருக்கிறார். “ரெண்டு திமில் ஒட்டகத்தை மட்டும் வீடியோ எடுத்துட்டு வாடா” என்பது பேரனுக்கு உத்தரவு.

அடுத்த வருஷப் பயணம் எங்கே என்று மகனிடம் கேட்டேன். “ஊர் இன்னும் தெரியாது அங்கிள்” என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். திரையில் ஐந்து பெயர்கள் மட்டும் இருந்தன. முதல் பெயர் ஆயாவுடையது.