வாங்கின விலை

சீடன்: ஐயா, ஒரு சின்னக் கேள்வி. ஐடியாஃபோர்ஜ் பங்கின் சரியான விலை என்ன?

ஆசிரியர்: இது சின்னக் கேள்வியா! தர்க்கம் படிக்க வந்தவன் திடீரென்று பங்குச் சந்தைக்குப் போய்விட்டாயே?

சீடன்: தர்க்கம் அங்கேதான் அதிகம் நடக்கிறது ஐயா. சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நாலைந்து பேர் கூடிப் பங்குகளைப் பற்றிப் பேசுவோம். கொஞ்ச நாளாக இந்த ஒரே பேச்சுதான். ராணுவத்துக்கு ட்ரோன் செய்து தரும் மும்பைக் கம்பெனி. ஐஐடி பம்பாயில் படித்தவர்கள் 2007-இல் ஆரம்பித்தது. ‘3 இடியட்ஸ்’ படத்தில் பறக்கிறதே ஒரு குவாட்காப்டர், அது இவர்கள் செய்ததுதான். 2023 ஜூனில் ஐபிஓ, அதாவது முதல் பொதுப் பங்கு வெளியீடு, வந்தது. எங்களில் ஒருவருக்கு 672 ரூபாய் வீதம் ஒரு லாட், 22 பங்கு, ஒதுக்கீடு ஆயிற்று. இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. அவர் ஜூலை 7-ஆம் தேதி, பட்டியலான அன்றே, 1,300 ரூபாய்க்கு வாங்கினார். மூன்றாமவர் பங்கு நன்றாகச் சரிந்த பிறகு, 2025-இன் முற்பகுதியில், 340-க்கு வாங்கினார்.

ஆசிரியர்: மூவரும் என்ன சொல்கிறார்கள்?

சீடன்: 672-காரர், ‘வெளியீட்டு விலைதான் நியாயமான விலை, அதற்குக் கீழே எது போனாலும் திரும்பி வந்துதான் ஆக வேண்டும்’ என்கிறார். 1,300-காரர், ‘இதையெல்லாம் பத்து வருஷக் கணக்கில் பார்க்க வேண்டும், இப்போதைய விலை ஒரு பொருட்டே இல்லை’ என்கிறார். 340-காரர், ‘500 வந்தால் விற்றுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்’ என்கிறார்.

ஆசிரியர்: வாங்கின விலை எழுதியிருக்கும் மூவரின் கான்ட்ராக்ட் நோட்டையும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

சீடன்: ... வாதங்களும் கூடவே மாறிப் போகும் என்கிறீர்களா?

ஆசிரியர்: போகாது என்று உன்னால் சொல்ல முடியுமா? 340-க்கு வாங்கியவர் கையில் 1,300 என்ற சீட்டு இருந்திருந்தால் அவரும் பத்து வருஷக் கணக்குத்தான் பேசியிருப்பார். முடிவு முதலிலேயே வந்துவிட்டது; காரணம் அதற்குப் பின்னால் தேடிப் பிடித்தது. வாங்கின விலை கம்பெனிக்குத் தெரியாது. பாதுகாப்பு அமைச்சகத்துக்குத் தெரியாது. உங்கள் டிமேட் கணக்கில் ஒரு கட்டத்துக்குள் சிவப்பாக நிற்பதைத் தவிர அதற்கு எங்கும் இருப்பு கிடையாது.

சீடன்: ஆனால் ஐயா, 672 அப்படி ஒரு தனி ஆளின் விலை இல்லையே. மெர்ச்சன்ட் பேங்கர்கள் கணக்குப் பார்த்து நிர்ணயித்தது. பெரிய நிறுவனங்களே அந்த விலைக்கு விண்ணப்பித்தன.

ஆசிரியர்: நல்ல மறுப்பு. அறிவைப் பெறும் வழிகளான அளவைகளில் முக்கியமானவை மூன்று என்று படித்திருக்கிறாய்.

சீடன்: காண்டல், கருதல், உரை.

ஆசிரியர்: 672 இதில் எது?

சீடன்: உரை. ஒருவர் சொன்னது.

ஆசிரியர்: உரை எப்போது அளவையாகும்?

சீடன்: சொல்பவர் ஆப்தராக இருந்தால். உண்மை தெரிந்தவராகவும், மறைத்துச் சொல்லக் காரணம் இல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

ஆசிரியர்: அந்த ஐபிஓ மொத்தம் 567 கோடி. அதில் புதுப் பங்குக்காகக் கம்பெனிக்குள் போனது 240 கோடி. மீதி, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்று எடுத்துக்கொண்டது. விற்கிறவர் விலை சொல்கிறார். தெரிந்தவர்தான், அதில் சந்தேகமில்லை. இரண்டாவது நிபந்தனைதான் இடிக்கிறது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. விற்பவர் வாயிலிருந்து வந்த விலையைத் தராசாக வைத்துக்கொள்ளாதே என்கிறேன்.

சீடன்: 1,300 விற்பவர் சொன்னதில்லை. சந்தையே சொன்னது.

ஆசிரியர்: எந்தச் சந்தை? அந்த வெளியீட்டுக்கு 106 மடங்கு விண்ணப்பம் வந்தது. அத்தனை பேரில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். கிடைத்தவர்களில் எல்லாரும் அன்று விற்கவில்லை. கொஞ்சம் பேர் விற்றார்கள். அந்தக் கொஞ்சத்தின் மேல் அத்தனை ஏமாற்றமும் வந்து விழுந்தது. கிடைக்காதவர்களுடைய ஆற்றாமையின் விலை 1,300. அதைக் கம்பெனியின் விலை என்று உன் நண்பர் இன்னமும் நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்கிறார், பாவம்.

சீடன்: சரி, விலைகளை விட்டுவிடுகிறேன். ரிசல்ட் இருக்கிறதே, அது காண்டல் அல்லவா? 2024 நிதியாண்டில் வருவாய் 314 கோடி, லாபம் 45 கோடி. 2025-இல் வருவாய் 161 கோடி, நஷ்டம் 62 கோடி. கண்ணெதிரே இருக்கிற எண்கள்.

ஆசிரியர்: கண்ணெதிரே இருப்பது காகிதம். நீ ட்ரோனை எண்ணவில்லை, பட்டுவாடா ஆன பெட்டியை எண்ணவில்லை. தணிக்கையாளர் எண்ணியதாகச் சொல்கிறார். அதுவும் உரைதான், ஆனால் மேலான உரை.

சீடன்: இப்படிப் பார்த்தால் எதையுமே நம்ப முடியாது.

ஆசிரியர்: நம்பக் கூடாது என்றா சொன்னேன்? எந்த வகை நம்பிக்கை என்று தெரிந்து நம்பு என்கிறேன். இங்கிலாந்தில் ஃபெரான்டி என்று ஒரு கம்பெனி இருந்தது. மின்சாரத்தில் தொடங்கி, கணினி, ராடார் என்று நூறு வருஷம் பேர் எடுத்த கம்பெனி. 1951-லேயே கணினி செய்து விற்றவர்கள். 1987-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஐஎஸ்சி என்ற ஆயுதக் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொண்டார்கள். அதன் ஆர்டர் புக் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. 1989-இல் திறந்து பார்த்தால் பெரிய ஏவுகணை ஒப்பந்தங்கள் வெறும் காகிதம். பள்ளம் 21 கோடியே 50 லட்சம் பவுண்டு. ஐஎஸ்சியை நடத்திய ஜேம்ஸ் கெரின் பிறகு 15 வருஷத் தண்டனை பெற்றார். ஃபெரான்டி தன் ராடார் தொழிலை ஜிஇசி என்ற போட்டிக் கம்பெனிக்கே விற்றும் பிழைக்கவில்லை. 1993-இல் ஜிஇசி பங்குக்கு ஒரு பென்னி தருவதாகச் சொன்னது. பிறகு அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த டிசம்பரில் கதை முடிந்தது.

சீடன்: கணக்கு தணிக்கை ஆகியிருந்ததா?

ஆசிரியர்: ஆகியிருந்தது. பாதுகாப்புத் தொழிலில் ‘ரகசியம், கேட்காதே’ என்ற வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்புக்குள்தான் பொய் ஒளிந்திருந்தது. உன் மும்பைக் கம்பெனியோடு இதை முடிச்சுப் போடாதே, அதற்காகச் சொல்லவில்லை. அளவையின் வகையைக் காட்டச் சொன்னேன். இனி உன் எண்களை நம்பியே கணக்குப் போடலாம். வருவாய் எவ்வளவு குறைந்தது?

சீடன்: 153 கோடி.

ஆசிரியர்: லாபம் எங்கிருந்து எங்கே போயிற்று?

சீடன்: 45 லாபத்திலிருந்து 62 நஷ்டத்துக்கு. 107 கோடி இறக்கம்.

ஆசிரியர்: குறைந்த ஒவ்வொரு மூன்று ரூபாய் விற்பனைக்கும் ஏறக்குறைய இரண்டு ரூபாய் நேராக அடியில் போய் விழுந்திருக்கிறது. ஏன்?

சீடன்: விற்பனை பாதியானாலும் செலவு பாதியாகாது. இன்ஜினியர்களுக்கு மாதச் சம்பளம், ஆராய்ச்சிக்குச் செலவு. ஆர்டர் மட்டும் வரும்போதுதான் வரும்.

ஆசிரியர்: பார், நீ இவ்வளவு நேரம் சொன்னதிலேயே இந்த ஒன்றுதான் கம்பெனியைப் பற்றியது. செலவுக்கு மாதக் காலண்டர். வரவுக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் காலண்டர். வாங்குபவர் பெரும்பாலும் ஒருவரே. அவர் சோதனை நடத்துவார், டெண்டரை ஒத்திப்போடுவார், குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுப்பார். இந்தக் குணம் நல்ல வருஷத்திலும் இருந்தது. 45 கோடி லாபத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

சீடன்: ஆனால் தேவை நிச்சயம் ஐயா. 2020-இல் சீனாவோடு கல்வான் மோதல். 2021 ஜனவரியில் உயர்மலைப் பகுதிக்கு ட்ரோன் வாங்க ராணுவம் இவர்களுக்கு சுமார் 140 கோடிக்கு ஆர்டர் கொடுத்தது. 2025 மே மாதம் பாகிஸ்தான் மீது ஆபரேஷன் சிந்தூர். ஜூனில் 137 கோடிக்கு ஆர்டர். எல்லையில் சூடு, பின்னாலேயே ஆர்டர். புகை இருந்தால் நெருப்பு என்ற தர்க்கப் பாடம் இதுதானே?

ஆசிரியர்: புகை, நெருப்பு என்று நீயே கொண்டுவந்துவிட்டாய். புகை எங்கே கண்டாய்?

சீடன்: மலையில்.

ஆசிரியர்: எல்லையில் மலைக்குக் குறைவில்லை. நாட்டுக்கு ட்ரோன் வேண்டும் என்பது நல்ல அனுமானம், நான் மறுக்கவில்லை. அதிலிருந்து ‘ஆகவே இந்தக் கம்பெனிக்கு’ என்று தாவுகிறாயே, அங்கே நெருப்பு அடுத்த மலைக்குப் போய்விடலாம். ட்ரோன் செய்ய இன்று எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று பார். அப்புறம் ‘ஆகவே இந்த வருஷம்’ என்று இன்னொரு தாவல். அப்புறம் ‘ஆகவே லாபத்தோடு’. ஒரு வாக்கியத்துக்குள் மூன்று தாவல். 137 கோடி என்பது 2024 நிதியாண்டு வருவாயில் பாதிகூட இல்லை என்பதையும் யாரோ ஒருவர் உங்கள் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம்.

சீடன்: இதையெல்லாம் சந்தை ஏற்கெனவே விலையில் சேர்த்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். தெரிந்ததெல்லாம் விலைக்குள் இருக்கிறதாம்.

ஆசிரியர்: தெரிந்ததெல்லாம் இருக்கலாம். முக்கியமானது சந்தையில் யாருக்கும் தெரியாதே? அடுத்த ஆர்டர் எப்போது, எவ்வளவு என்பது ஒரு கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பைப் பார்ப்பவர் பங்கு வாங்கக் கூடாது; வாங்குபவர் பார்க்க முடியாது. ஆகவே விலைக்குள் இருப்பது அறிவு அல்ல, ஊகங்களின் கூட்டுத்தொகை. ஒரு செய்தி வந்ததும் மளமளவென்று ஏறுவதும் ஒரு ரிசல்ட் வந்ததும் இறங்குவதும் அதனால்தான்.

சீடன்: இன்னொன்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. மே 7-ஆம் தேதிக்குப் பிறகு இந்தப் பங்கு ஏறியது. எங்கள் கூட்டத்தில் அந்த நாட்களில் எல்லாருக்கும் ஒரே உற்சாகம். ‘இப்போது விற்பவன் தேசத் துரோகி’ என்றுகூட ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

ஆசிரியர்: காஷ்மீர் எல்லையில் பூஞ்ச்சில் வீடுகளின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை.

சீடன்: அதனால்தான் கேட்கிறேன். இந்தப் பங்கை வைத்திருப்பதே தவறா?

ஆசிரியர்: இல்லை. எல்லையில் நிற்பவனுக்கு மலைக்கு அப்பால் பார்க்கும் கண் ஒன்றைச் செய்து கொடுப்பது தவறான தொழில் இல்லை. அதில் பங்கு வைத்திருப்பதும் அப்படியே. தேசத்தை இழுத்தாரே, அங்கேதான் எனக்குக் கோபம். 1,300-க்கு வாங்கியவர் கொடுத்த பணம் யாருக்குப் போயிற்று?

சீடன்: விற்றவருக்கு.

ஆசிரியர்: ராணுவத்துக்கு இல்லை. கம்பெனிக்கும் இல்லை. முதல் நாளே லாபம் பார்த்த இன்னொரு முதலீட்டாளரின் வங்கிக் கணக்குக்கு. பிறகு எங்கே வந்தது தேசத் தொண்டு? விற்க மனம் வராததற்கு ஒரு கௌரவமான பெயர் தேவைப்பட்டது. தேசம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சரி, மே 10 சனிக்கிழமை சாயங்காலம் சண்டை நிற்கிறது என்று அறிவித்தார்களே, அன்றும் கூடியிருப்பீர்கள். முகங்கள் எப்படி இருந்தன?

சீடன்: ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், ‘திங்கட்கிழமை மற்ற பங்கெல்லாம் ஏறும், விடு’ என்றார்.

ஆசிரியர்: ஏறியது. சென்செக்ஸ் அன்று 2,900 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. ஒரே மனிதரின் ஒரு பை சமாதானம் கேட்கிறது, இன்னொரு பை சண்டை கேட்கிறது. அந்த ஒரு நிமிஷ மௌனத்தை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காண்டல் அளவை கேட்டாயே, உங்கள் கூட்டத்தில் நடந்த ஒரே காண்டல் அதுதான். ஒவ்வொருவரும் தன் ஆசையைத் தானே நேரில் பார்த்தார்.

சீடன்: அப்படியென்றால் இவர்கள் என்ன செய்ய வேண்டும்? விற்கவா, வைத்திருக்கவா, ஆவரேஜ் செய்யவா?

ஆசிரியர்: நான் புரோக்கர் இல்லை. ஆனால் ஆவரேஜ் என்ற வார்த்தைக்குப் பதில் சொல்கிறேன். 1,300-காரர் 340-இல் இன்னொரு பங்கு வாங்கினால் சராசரி 820 என்று மனசு ஆறும். முதல் பங்கு அதனால் ஒரு பைசா மாறவில்லை. இரண்டாவது பங்கு 340-க்குத் தகுமா என்பது தனிக் கேள்வி. இதில் ஒரு ரூபாய்கூட இதுவரை போடாதவர் இன்று அதே பணத்தை இதில் போடுவாரா? ஆம் என்றால் வாங்கட்டும். இல்லை என்றால் 960 ரூபாய் நஷ்டம் அதற்கு ஒரு காரணம் ஆகாது.

சீடன்: போடுவாரா மாட்டாரா என்று எதை வைத்துச் சொல்வது? ஆர்டர்தான் தெரியாதே.

ஆசிரியர்: எப்போது வரும் என்பது தெரியாது. வராத காலத்தைக் கம்பெனி தாங்குமா என்பது தெரிந்துகொள்ளக் கூடியது. ஆண்டறிக்கையில் கையிருப்புப் பணம் எவ்வளவு, கடன் எவ்வளவு, விற்காமல் கிடக்கும் சரக்கு எவ்வளவு, விற்றும் வராத பாக்கி எவ்வளவு என்று இருக்கும். வருவாயில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ தரும் வாடிக்கையாளர்கள் பற்றி ஒரு குறிப்பும் இருக்கும். கணக்கியல் விதிப்படி போட்டாக வேண்டும். ராணுவம் அல்லாத வாடிக்கையாளர்கள் கூடுகிறார்களா என்று இரண்டு மூன்று வருஷ அறிக்கைகளை அடுக்கி வைத்துப் பார். இவையும் உரைதான், ஆனால் சொல்பவர் பொய் சொன்னால் சிறைக்குப் போக நேரும் உரை. உங்களில் யாராவது படித்திருக்கிறார்களா?

சீடன்: 672-காரர் அட்டையிலிருக்கும் ட்ரோன் படத்தைப் பார்த்ததாகச் சொன்னார்.

ஆசிரியர்: மற்றவர்கள்?

சீடன்: யாரும் இல்லை ஐயா. நானும் இல்லை.

ஆசிரியர்: அப்படியானால் அடுத்த சனிக்கிழமை ஆளுக்கு ஒரு ஆண்டறிக்கையோடு வரச் சொல். படித்து முடிக்கும்வரை விலையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. எனக்கும் ஒன்று கொண்டு வா.